விளக்குப் போடுமுன் எழுந்தவர்

ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சிறு மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதன்முறையாக மேடை ஏறிப் பேசப் போகும் அடியவர், அதற்கு முன் குருவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். விடை பெற்ற பின்பே மேடை.

வெள்ளிக்கிழமை பேச இருந்தவர் திருவம்பலம். வயது ஐம்பத்திரண்டு. இருபது ஆண்டுகளாக மடத்தில் பதிகம் ஓதி வந்தவர். அந்த ஒரு நாளுக்காகவே காத்திருந்தவர். மடத்தின் குருவும் தலைவியுமான மங்களநாயகி அம்மையார் அவரைவிட எட்டு வயது இளையவர்.

திங்கட்கிழமை காலை திருவம்பலம் கேள்வியோடு வந்தார். உட்கார்ந்தார். எழுந்து குத்துவிளக்கைத் துடைத்தார். மறுபடி உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

"அந்த விளக்கு வெளுத்துப் போயிற்று. கேட்க வந்ததைக் கேளும்" என்றார் அம்மையார்.

"அம்மா, அடியவன் ஒருவன் சினிமா பார்த்துச் சிரிக்கலாமா?"

"எந்த அடியவன்?"

"பொதுவாகக் கேட்டேன்."

"பொதுவான அடியவனை நான் கண்டதே இல்லையே."

திருவம்பலம் வாய் திறக்குமுன் அரிசி ஆலை முதலாளி தெய்வசிகாமணி உள்ளே வந்தார். வெள்ளிக்கிழமை அன்னதானம் அவருடைய உபயம். அவர் சொல்லுக்கு மடத்தில் மதிப்பு உண்டு.

"அம்மா, ஒரு விஷயம் காதில போட்டுட்டுப் போறேன். போன செவ்வாய்க்கிழமை டவுன் தியேட்டர்ல, பகல் காட்சியில ஒருத்தர். அசப்பில நம்ம திருவம்பலம் மாதிரியே. அந்தச் சமையல்காரன் காமெடிக்கு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறார். எனக்குப் பதறிப்போச்சு. அப்புறம் பார்த்தா நெத்தி பாழாக் கிடக்கு. நம்மவர் இல்லைன்னு அப்பத்தான் மூச்சு வந்தது."

திருவம்பலத்தின் கை தானாக நெற்றிக்குப் போயிற்று.

"நீர் எந்த வரிசையில் இருந்து பார்த்தீர்?" என்று கேட்டார் அம்மையார்.

"நானா? நான் சும்மா... மருமகப்பிள்ளை டிக்கெட் எடுத்துட்டார். கூப்பிட்டா மறுக்க முடியுமா?"

"படம் நன்றாக இருந்ததா?"

"மோசமில்லை" என்றவர், ஆலையில் லாரி நிற்பது நினைவுக்கு வந்தவராய்ப் புறப்பட்டுவிட்டார்.

அம்மையார் திருவம்பலத்தின் பக்கம் திரும்பினார்.

"நான்தான் அம்மா. கற்பூரம் வாங்க டவுனுக்குப் போகும் நாட்களில் போகிறேன். வெளியில் தெரிந்தால் மேடை என் கையைவிட்டுப் போய்விடும் என்று இராப்பகலாய் அஞ்சுகிறேன்."

"நெற்றி ஏன் வெறுமையாக இருந்தது?"

"பேருந்து நிலையக் குழாயில் கழுவிக்கொண்டேன்."

"தியேட்டர்காரர் கழுவி வரச் சொன்னாரா?"

"இல்லை."

"வேறு யார் சொன்னது?"

திருவம்பலம் மறுபடி விளக்குத் துடைக்கும் துணியை எடுத்தார்.

"சரி, கதையைச் சொல்லும்" என்றார் அம்மையார்.

"எந்தக் கதை?"

"அந்தச் சமையல்காரன் கதை."

தயங்கித் தயங்கித்தான் தொடங்கினார். ஒரு கல்யாண வீடு. மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து சேரவில்லை. முகூர்த்தம் தவறிவிடும் என்று சமையல்காரனுக்குப் பட்டுத்துண்டைப் போர்த்தி மாமனாக உட்கார வைக்கிறார்கள். சபையில் ஆசி கூறும்போதே அவன் மூக்கு அடுப்பங்கரையில் சாம்பார் அடிபிடிப்பதை மோப்பம் பிடிக்கிறது. "பதினாறும் பெற்று, அடே கிண்டுடா, பெருவாழ்வு வாழ்க!" என்று அவன் சொல்வதைத் திருவம்பலம் நடித்தே காட்டினார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு பொங்கியது. அம்மையாரும் சிரித்தார்.

"அப்புறம் உண்மையான மாமன் வாசலில் வந்து இறங்குகிறான்."

"வந்து?"

திருவம்பலத்தின் முகத்தில் இருந்த சிரிப்பு அடங்கியது.

"தெரியாது, அம்மா."

"தெரியாதா?"

"படம் முடிந்தால் விளக்குப் போட்டுவிடுவார்கள். யாராவது பார்த்துவிடுவார்கள். அதற்குள் எழுந்து வந்துவிடுவேன்."

"எத்தனை முறை போனீர்?"

"மூன்று முறை."

அம்மையார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாளைக்குப் போய் வாரும். காலையில் இட்ட நீறு அப்படியே இருக்கட்டும். முடிவு தெரியாமல் எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை."

"யாராவது பார்த்தால்?"

"முடிவைத் தெரிந்துகொண்டு வாரும்."

"வெள்ளிக்கிழமை?"

"முதலில் போய் வாரும்."

செவ்வாய்க்கிழமை பேருந்து நிலையக் குழாயருகே அவர் கால்கள் நின்றன. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நெடுநேரம் நின்றார். பிறகு கழுவாமலே நடந்தார்.

தியேட்டர் வாசலில் ஒருவன், "சாமி, பக்திப் படம் இங்கே இல்லை, தெரு மாறி வந்துட்டீங்க" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். திருவம்பலத்துக்குக் காது மடல் சுட்டது. டிக்கெட்டைக் கசக்கிப் பிடித்தபடி உள்ளே போய் நடு வரிசையில் உட்கார்ந்தார்.

பொழுது சாயும் வேளையில் மடத்துக்குத் திரும்பினார். அம்மையார் நந்தவனத்தில் பூத்தொடுத்துக்கொண்டிருந்தார். திருவம்பலம் கால் கழுவக்கூட நில்லாமல் நேரே அவரிடம் வந்தார்.

"அம்மா, உண்மையான மாமன் சினந்து உள்ளே வருகிறான். பந்தியில் உட்கார வைத்துவிடுகிறார்கள். சாம்பாரை ஒரு வாய் உண்கிறான். உண்டதும் பட்டுத்துண்டைத் தானே சமையல்காரனுக்குச் சரியாகப் போர்த்திவிட்டு, 'மாமன் நீயே இரு. ராத்திரிச் சமையலையும் நீயே பார்' என்கிறான்."

அம்மையார் நாரைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். திருவம்பலமும் நின்றபடியே சிரித்தார்.

சிரிப்பு ஓய்ந்ததும் அம்மையார் கேட்டார்.

"விளக்குப் போட்டபோது யார் யார் பார்த்தார்கள்?"

திருவம்பலம் யோசித்தார்.

"வாசலில் ஒருவன் கேலி பேசினான். அது நினைவிருக்கிறது. விளக்குப் போட்ட பிறகு..." மறுபடியும் யோசித்தார். "கவனிக்கவில்லை, அம்மா."

அம்மையார் நாரை எடுத்து அடுத்த பூவைத் தொடுத்தார்.

"வெள்ளிக்கிழமை மேடையிலும் அப்படியே பேசும்" என்றார்.