அம்மைப்பால் குத்திய அடியார்

கரிசல் நிலத்தில் நல்லமநேரி என்றோர் ஊர். அதன் தெற்கு எல்லையில், தலைக்குமேல் ஓர் ஓலைகூட வேண்டாமென்று வெட்டவெளியில் வீற்றிருப்பவள் வெயிலுகந்தாள். அந்தத் தாயின் பெயரையே தம் பெயராகத் தாங்கியவர் வெயிலுமுத்து அடியார். பஞ்சாயத்து போர்டில் அவர் பார்த்த உத்தியோகம், வீடுவீடாகப் போய் அம்மைப்பால் என்னும் தடுப்பூசி குத்துவது. பெரியம்மை பிள்ளைகளைக் கூட்டங்கூட்டமாக வாரிக்கொண்டு போன காலம் அது.

அம்மை நோய் வருவதென்றால் அந்த அம்மையே வீட்டுக்கு வருவதாகத்தான் ஊரார் நம்பினார்கள். அடியாரும் அப்படியே நம்பினார். அதுதான் அவருடைய அச்சம். தாய் வரும் வாசலை மறிக்கும் வேலையா தமக்கு வாய்க்க வேண்டும் என்று நடுங்கினார். காலையில் கிணற்று நீர் சுமந்துவந்து அவள் திருமேனி குளிர ஊற்றுவார். ஊசிப் பெட்டியைப் பாதத்தில் வைத்துக் கும்பிடுவார்.

"தாயே, நான் உன்ன எதுத்துப் போகல. இந்தப் புள்ளைங்க இன்னும் கொஞ்ச காலம் மண்ணுல வெளையாடட்டும்னு உங்கிட்டக் கேக்கத்தான் போறேன். குத்தம்னா எங் கண்ணை எடுத்துக்கோ. புள்ளைகள விட்டுரு."

அவர் தெருவுக்குள் நுழைந்தால் கதவுகள் சாத்திக்கொள்ளும். பிள்ளைகளைத் தானியக் குதிருக்குள் ஒளித்துவைப்பார்கள். ஆத்தா இறங்கி அருள்வாக்குச் சொல்லும் குருவம்மாள், தன் தெருமுனையில் வேப்பிலைத் தோரணம் கட்டி, "இதத் தாண்டி வந்தே, உன் வம்சம் விளங்காது" என்று சபித்தாள். அடியார் தோரணத்தின் கீழே நின்று அழுதார். பிறகு குனிந்து உள்ளே போனார்.

அந்த ஆண்டு பங்குனியில் வடக்குத் தெருவில் ஒரு பையனுக்கு அம்மை முத்துப் போட்டது. சில நாள் முன்புதான் அடியார் அவனுக்குப் பால் குத்தியிருந்தார். நோய் அதற்கு முன்பே அவன் உடம்பில் இறங்கியிருந்ததை யார் அறிவார்? பையன் இறந்தான். ஊசிதான் ஆத்தாளைச் சீண்டிவிட்டது என்று ஊர் கொதித்தது.

அடியாரின் மனைவி சுடலைவடிவு. அவளுக்கும் ஊரைப் போலவே பயம். தன் ஒரே மகள் உலகம்மாளின் கையில் ஊசி படக்கூடாதென்று, குழந்தையைத் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தாள். அவள் அழுகையைத் தாங்காமல் அடியாரும் அதற்கு இசைந்திருந்தார். அங்கேயும் அம்மை வந்தது. செய்தி கேட்டு ஓடியவர், வாழையிலையில் கிடத்தியிருந்த மகளைக் கண்டார். இமைகள் ஒட்டிப்போயிருந்தன. அப்பாவின் குரல் கேட்டுக் கையை மட்டும் தூக்கினாள். அன்று பொழுது சாயும்முன் அந்தக் கை ஓய்ந்தது.

"ஊருக்கெல்லாம் குத்துனானே, ஆத்தா அவன் வீட்டுக்குள்ளேயே பூந்துட்டா பாத்தியா" என்று சந்தையில் சிரித்தார்கள். அடியாருக்கு உள்ளம் கிடுகிடுத்தது. மகளைக் கேட்டு வாங்கிக்கொண்டது ஆத்தாள்தானோ? அடுத்து யார்? ஆயினும் மறுநாள் காலை அவர் திருமேனிக்கு நீர் ஊற்றினார். பெட்டியை எடுத்தார். நடந்தார்.

நோய் பரவியது. சாவு விழாத தெரு இல்லை. ஆத்தாளைக் குளிர்விக்க ஊரே எல்லையில் கூடி உச்சிவெயிலில் பொங்கலிட்டது. ஊர்ப் பெரியதனம் கொப்பையா அடியாரை இழுத்துவரச் செய்தார். சுடலைவடிவும் பின்னாலேயே ஓடிவந்தாள். பெரியதனம் ஆணையிட்டார்:

"அந்தப் பெட்டிய அடுப்புல போடு. இனிமே குத்த மாட்டேன்னு ஆத்தா முன்னால சத்தியம் பண்ணு. இல்லேன்னா ரெண்டு பேரும் உசுரோட ஊர் எல்லை தாண்ட மாட்டீங்க."

கூட்டத்தில் அரிவாள்கள் இருந்தன. அடியார் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, உங்க எல்லாரையும் விட எனக்குத்தான் பயம். கண்ண மூடினா ஆத்தா முகந்தான் தெரியுது. ஆனாலும் இத எரிச்சுட்டா, நாளைக்கு எந்தக் கையால அவளுக்குத் தண்ணி ஊத்துவேன்? நான் செஞ்சது குத்தம்னா அவளே என்ன அடிக்கட்டும்."

ஒருவன் பெட்டியைப் பிடுங்கினான். அந்தக் கணத்தில் குருவம்மாளிடமிருந்து ஓர் அலறல் எழுந்தது. ஆத்தா இறங்கிவிட்டாள்! விரிந்த கூந்தலும் சிவந்த கண்ணுமாக அவள் அடியாரை நோக்கி வந்தாள். கூட்டம் பிளந்து வழிவிட்டது. முடிந்தது என்று அடியார் கழுத்தைத் தாழ்த்திக் கண்களை மூடிக்கொண்டார்.

மடியில் ஏதோ விழுந்தது. விழித்துப் பார்த்தார். அவருடைய பெட்டி. எதிரே புழுதியில் குருவம்மாள் அமர்ந்திருந்தாள். இடது கையை நீட்டியிருந்தாள்.

"குத்துடா மகனே."

அடியார் அவள் முகத்தைப் பார்த்தார். "தாயே... உன் மேலயா?"

"புள்ளைகள வாரி வாரி எடுத்து எம் மேலெல்லாம் எரியுதுடா. எரியுதான்னு யாரும் கேக்கல. நீ மட்டுந்தான் தண்ணி ஊத்துன. குத்து. நான் குளிரணும்."

"தாயே, தாயே" என்று அரற்றியபடி அடியார் குத்தினார். ஒரு துளி இரத்தம் அரும்பியது. நீட்டிய கை மெல்லத் தாழ்ந்தது. குருவம்மாள் தன்னிலைக்கு வந்து, தன் கையையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முதலில் வந்து கை நீட்டியவள் சுடலைவடிவு. நீட்டியவள் கணவரின் தோளில் முகம் புதைத்துக் கதறினாள். அவளுக்குப் பின்னே தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். கொப்பையாவும் வந்து, தலையைக் குனிந்தபடி சட்டைக் கையைச் சுருட்டினார்.

முதல் மழைக்குள் அம்மை அடங்கியது. அதன்பின் பல்லாண்டு அடியார் அக்கம்பக்கத்துக் குடிசைகளுக்கெல்லாம் நடந்தார். பயம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு பிள்ளையின் கையைப் பிடிக்கும்போதும் "தாயே, தாயே" என்று அரற்றுவார். ஒரு கோடையில், தூரத்துப் பட்டி ஒன்றில் வேலை முடித்துத் திரும்பும் வழியில், ஓடைக்கரையில் அமர்ந்தவர் எழவில்லை. உயிர் அங்கேயே பிரிந்திருந்தது.

அவர் உடல் வீட்டு முற்றத்தில் கிடத்தப்பட்டபோது, வெயிலுகந்தாள் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி ஏந்திக்கொண்டு குருவம்மாள் வந்தாள்.

"தீட்டு வீடாச்சே, ஆத்தா மாலைய இங்க கொண்டாரலாமா?" என்று கொப்பையா தயங்கினார்.

அப்போது அவளுக்கு அருள் வரவில்லை. தன் சொந்தக் குரலிலேயே சொன்னாள்: "செத்தது அவ புள்ள. தாய்க்கு என்னய்யா தீட்டு?"

மாலையை அவர் மார்பில் சாத்தினாள். சுடலைவடிவு அதன்மேல் முகம் வைத்துக்கொண்டாள். ஊர் முழுவதும் எழுந்து நின்று கைகூப்பியது.

அஞ்சி அஞ்சியே அன்னைக்கும் அவள் பிள்ளைகளுக்கும் பணிசெய்த வெயிலுமுத்து அடியாரின் பாதம் நம் தலைமேல் இருப்பதாக.