வலப்பக்கம் நின்ற தேதிகள்

நாகர்கோவிலில், ரத்தக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளுக்கு ரத்தம் ஏற்றும் மையம் ஒன்று இருந்தது. அடுத்த ரத்தம் என்றைக்கு என்று டாக்டர் ஒவ்வொரு குழந்தையின் கோப்பிலும் எழுதுவார். அது கணினியில் எக்செல் அட்டவணையில் ஏறும். அன்றைக்கு வரவேண்டியவர்களின் பெயரை எக்செல்லே எடுத்துக் கொடுக்கும். தேவசகாயம் வீடுகளுக்கு போன் செய்வார்.

மருந்தகத்திலிருந்து ஐம்பது வயதுக்கு மேல் கணினிக்கு மாறி வந்தவர் அவர். கற்றுக்கொடுத்தவள் அங்கேயே வேலை பார்த்த மெஹருன்னிசா. மகள் வயதுதான் அவளுக்கு. ஆனாலும் டீச்சர் என்றுதான் அழைப்பார்.

மே மாதத் தொடக்கத்தில் புதுக் கணினி வந்தது. பழைய விவரங்களை அதில் ஏற்றினார்கள். அதன்பின் சில நாட்களாகப் பெயர்கள் வரவில்லை; யாருக்கும் முறை இல்லை என்று தேவசகாயம் நினைத்தார். பதின்மூன்றாம் தேதி காலையிலும் அழைக்க ஒரு பெயர்கூட வராதபோதுதான் சந்தேகம் வந்தது.

தேவசகாயம் தேதிகளைப் பார்த்தார். சில கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நின்றன. சில இடப்பக்கம்.

"டீச்சர், இடப்பக்கம் நிக்கிறதெல்லாம் கெட்டுப்போச்சு. எப்படிச் சரி பண்ணணும்?"

"வலப்பக்கம் நிக்கிறது?"

"அது நல்லாத்தான் இருக்கு. கணினி தேதின்னு ஏத்துக்கிட்டுதே."

மெஹருன்னிசா அவர் அருகில் வந்து நின்றாள்.

"அதுல ஒண்ணைத் தொடுங்க அண்ணே."

அவர் ஜெனிட்டா என்ற ஐந்து வயதுப் பெண்ணின் தேதியைத் தொட்டார். 06/05 என்று இருந்தது.

"மாசத்தை எழுத்துல காட்டச் சொல்லுங்க."

மாற்றினார். ஜூன் 5 என்று வந்தது.

தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஜூன் 5தான். எழுந்துபோய் அவளுடைய கோப்பை எடுத்து வந்தார். மே ஆறு என்று டாக்டர் எழுதியிருந்தார்.

"டீச்சர்... இது போன வாரம்லா?"

"போன் பண்ணுங்க."

ஜெனிட்டாவின் தாய் ஷீபா எடுத்தாள்.

"நீங்க கூப்பிடுவீங்கன்னுதான் சார் இருந்தோம். பிள்ளை ரெண்டு நாளா எழும்பல. உதடெல்லாம் வெளுத்துக் கிடக்கு. ரத்தம் கிடைக்கலியோன்னு நினைச்சேன்."

மெஹருன்னிசா போனை வாங்கினாள்.

"அம்மா, அங்கேயே இருங்க. வண்டி வருது."

வண்டியை அனுப்பிவிட்டு இருவரும் கோப்புகளை இறக்கினார்கள். வலப்பக்கம் நின்ற ஒவ்வொரு தேதியையும் மாற்றிப் பார்த்தார்கள். மே ஐந்து என்று காட்டியது கோப்பிலும் மே ஐந்துதான்; நாளும் மாதமும் ஒரே எண். அந்த ஒன்று தப்பித்தது. மற்றவை எல்லாம் நாளும் மாதமும் இடம் மாறிக் கிடந்தன. நாள் தாண்டிப்போனவர்களின் வீடுகளை தேவசகாயம் ஒவ்வொன்றாக அழைத்தார். "இன்னைக்கே வந்திருங்க" என்றார்.

ஜெனிட்டாவை அவளுடைய அப்பா வண்டியிலிருந்து தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். டாக்டர் நாடியைப் பார்த்துவிட்டு உடனே ரத்தம் ஏற்றச் சொன்னார். ரத்தம் ஏறத் தொடங்கியது. சாயங்காலம் அவள் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். தேவசகாயம் அதுவரை வராந்தாவில் நின்றார்.

பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"இடப்பக்கம் நின்னதுல என்ன தப்பு டீச்சர்?"

"ஒண்ணுமில்ல. புதுக் கணினியில மாசம் முதல்லன்னு வச்சிருக்காங்க. 13/05ன்னு நாம கொடுத்தோம். பதின்மூணாவது மாசம் அதுக்குத் தெரியாது. தெரியலன்னு அப்படியே விட்டுடுச்சு. தேதியா எடுத்துக்காததால அழைக்கிற பட்டியலுக்கும் வரல. ஆனா நீங்க எழுதினது எழுதினபடியே இருக்கு."



"ஜெனிட்டா தேதியும் அதுக்குப் புரியலதானே? அங்கேயும் தெரியலன்னு விட்டிருக்கலாமே. ஏன் விடல?"

"அங்க அதுக்குப் புரிஞ்சுபோச்சு அண்ணே. ஆறாவது மாசம்னு ஒண்ணு இருக்கே."