சோதித்துப் பார்த்த சட்னி

வாகைப்பட்டி பஸ் நிறுத்தத்தில் அண்ணன் தம்பி மூன்று பேர் இட்லிக் கடை வைத்திருந்தார்கள். மூத்தவர் சடைமாயன், நடுவில் ஒச்சப்பன், கடைசி மொக்கச்சாமி. இட்லி பூப்போல இருக்கும். அறிவைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை, நீங்களே பாருங்கள்.

ஒரு நாள் அங்கே சாப்பிட்ட மினி பஸ் கண்டக்டர் ராசாமணிக்கு மறுநாள் காலையில் வயிற்றால் போனது. புகார் கொடுத்துவிட்டார். உணவுப் பாதுகாப்பு அதிகாரி தமயந்தி ஜீப்பில் வந்து இறங்கினார்.

"வித்தது நீங்க. சாப்பிட்டவருக்கு ஏதாச்சும் ஆனா சட்டப்படி நீங்கதான் பொறுப்பு. இனிமே எதையும் சாப்பிட்டுப் பார்த்து, ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்ச பிறகுதான் விக்கணும். இன்னொரு புகார் வந்தா லைசென்ஸ் போயிரும்."

லைசென்ஸ் என்றதும் மூவருக்கும் கண் கலங்கிவிட்டது. கடை போனால் வேறு வேலை தெரியாது. இந்த வேலையாவது தெரியுமா என்று கேட்காதீர்கள்.

சட்னி அரைத்ததும் மொக்கச்சாமி ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டான்.

"நல்லாருக்குண்ணே. விக்கலாம்."

"பொறுடா," என்றார் சடைமாயன். "ராசாமணிக்கு எப்ப வயித்தால போச்சு?"

"மறுநா காலையில."

"அப்ப நீயும் மறுநா காலை வரைக்கும் நல்லா இருந்தாத்தானேடா அது நல்ல சட்னி?"

ஒச்சப்பன் அசந்துபோனான். "நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்ணே."

சட்னியை மூடி வைத்தார்கள். வந்தவர்களை எல்லாம், "சோதனை நடக்குது, நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். மொக்கச்சாமி பெஞ்சில் படுத்துக்கொண்டான். அண்ணன்மார் மாறி மாறி அவன் வயிற்றைத் தடவிப் பார்த்தார்கள். பாவம், அவர்கள் சோம்பேறிகள் இல்லை.

காலையில் அவன் ஒரு குறையுமில்லாமல் எழுந்து சோம்பல் முறித்தான். உடனே பரிமாற ஆரம்பித்தார்கள்.

"என்னப்பா, சட்னி நுரைச்சுக் கெடக்கு?" என்றார் டிராயிங் வாத்தியார்.

"பயப்படாம சாப்பிடுங்க சார். நேத்தே சோதிச்சது."

முந்தின நாள் பட்டினியாகத் திரும்பிப் போனவர், பசியில் சாப்பிட்டுவிட்டார். சாயங்காலத்துக்குள் அவரும் இன்னும் பலரும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள்.

தமயந்தி கடைக்கு சீல் வைத்தார். "அடுத்த மாசம் விசாரணை. உங்க பக்கம் ஆதாரம் இருந்தா கொண்டு வாங்க."

அன்றைக்கு வீட்டில் சகோதரர்கள் தீவிரமாக யோசித்தார்கள். ஒரு நாள் சோதனை பத்தவில்லை என்பதில் மூவருக்கும் சந்தேகமே இல்லை. புதுசாகச் சட்னி அரைத்தார்கள். மொக்கச்சாமி தின்றான். மிச்சத்தைத் தூக்குவாளியில் போட்டு இறுக மூடினார்கள்.

விசாரணை நாளில் அறை நிறைய ஆட்கள். பெரிய அதிகாரி முன்னால் தூக்குவாளியை வைத்துவிட்டுச் சடைமாயன் கும்பிட்டார்.

"ஐயா, ஒரு நாள் மட்டும் சோதிச்சது எங்க தப்புதான். அவசரப்பட்டுட்டோம். இது ஒரு மாசம் சோதிச்ச சட்னி. தின்ன ஆளு இந்தா கல்லு மாதிரி நிக்கிறான்."

மொக்கச்சாமி சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினான். ஒச்சப்பன் மூடியைத் தொட்டான். தொட்டதுதான், மிச்சத்தை மூடியே பார்த்துக்கொண்டது: பட்டென்று எகிறிப் பறந்தது, நாற்றம் அறை முழுக்கப் பரவியது.

முதலில் பெரிய அதிகாரி எழுந்து ஓடினார். பின்னால் தமயந்தி, ராசாமணி, டிராயிங் வாத்தியார். அறையில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் எங்கண்ணே போயிட்டாங்க?" என்றான் மொக்கச்சாமி.

சடைமாயன் காலி நாற்காலிகளை நிதானமாகப் பார்த்தார். "எதிர்த்துப் பேச ஒரு ஆளு இருக்கானா பாரு. கேஸு நமக்கு ஜெயம்டா!"

"அப்ப போய்க் கடையைத் தொறந்துருவமா?"

"மறுபடியும் அவசரப்படுறியே," என்று அவர் காலியாகக் கிடந்த அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்தார். "தீர்ப்பையும் நாளைக்குக் காலை வரைக்கும் வச்சுப் பார்ப்போம்."