பொன்னை வெறுத்த புலவர்

"அம்மா, நூறு பாட்டையும் அலசிட்டேன். 'பொன்'ங்கிற சொல்லு ஒரு இடத்துலகூட இல்ல!"

செருப்பைக் கழற்றும்போதே சிதம்பரதாணு ஆரம்பித்துவிட்டார்.

உலகம்மைக்குப் பகீரென்றது. தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றபின் தமிழ் கற்க வந்தவர் அவர். அவருக்குக் குருவான அவளோ அவரைவிடப் பதினெட்டு வயது இளையவள். ஊர் அம்மன்மேல் யாரோ ஒரு புலவர் பாடிய அந்தாதியைக் கொடுத்து, "கட்டுரை எழுதுங்க அண்ணாச்சி" என்று ஆறு மாதத்துக்கு முன்னால் அனுப்பியவளும் அவள்தான். யார் செய்த பாவமோ!

"இல்லையா?"

"இல்லவே இல்லம்மா. போன்ல போட்டுத் தேடினேன். ஒரு நொடிதான், பூஜ்யம்னு வந்துட்டு. இந்தப் புலவர் பொன்னையே வெறுத்தவர்! நாளைக்குச் சபையில அதைத்தான் வாசிக்கப் போறேன்."

சபைக் கூட்டத்து நோட்டீஸை நீட்டினார். கொட்டை எழுத்தில் தலைப்பு: பொன்னை வெறுத்த புலவர். கீழே அவர் பெயர். அதற்கும் கீழே, 'உலகம்மை அவர்களின் மாணவர்'.

அடக் கடவுளே. நாளைக்கு ஊரே கூடும். அவர் மானம் போவது இருக்கட்டும், தன் மானமும் சேர்ந்தல்லவா போகும்!

"படிச்சீங்களா அண்ணாச்சி?"

"தேடினேன்மா."

"நான் கேட்டது, படிச்சீங்களான்னு."

"அதான் தேடினேனே! 'தங்கம்'னுகூடப் போட்டுப் பாத்தேன்."

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இத்தனைக்கும் மனுஷன் மக்கு இல்லை. புணர்ச்சி விதியெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

"நான் குடுத்த புத்தகம் எங்க?"

பையின் அடியிலிருந்து எடுத்தார். ஆறு மாதமாக அங்கேயே கிடந்திருக்கிறது. தாள் மடிப்பை வெட்டாமலே பைண்டு பண்ணிய பழைய அச்சு. ஓரத்தை அறுத்தால்தான் உள்பக்கம் திறக்கும். உலகம்மை ஓரத்தில் விரலை ஓட்டினாள். ஒரு மடிப்புகூட அறுபடவில்லை.

"அதே பாட்டுதாம்மா போன்லயும் இருக்கு. எதுக்கு இந்தச் சுமை?" என்றார் எரிச்சலாக.

அவள் மேஜைமேல் இருந்த இரும்பு ஸ்கேலை எடுத்து முதல் மடிப்பைச் சர்ரென்று அறுத்தாள். அறுத்த வேகத்தில் தாள் கொஞ்சம் கிழிந்தது. கிழியட்டும். விரித்து அவர் முன்னால் வைத்தாள்.

"முதல் பாட்டு. சத்தமா வாசிங்க."

"பொற்றாமரை..."

"நிறுத்துங்க. பிரிங்க."

"இதுகூடத் தெரியாதா? பொன் கூட்டல் தாமரை, பொற்..."



அவசரமாகப் போனை எடுத்தார். அங்கேயும் முதல் பாட்டு, முதல் சொல், பொற்றாமரைதான்.

"கடைசிப் பாட்டு எதுல முடியும் அண்ணாச்சி?"

"அந்தாதியாச்சே. தொடங்கின சொல்லுலதான்."

"ம்."

"நடுவுல இன்னும் எத்தனை இருக்கும்மா?"

உலகம்மை நோட்டீஸை நாலாக மடித்தாள். அறுத்த பக்கத்தில் அடையாளத்துக்கு வைத்தாள்.

சிதம்பரதாணு போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"அந்த ஸ்கேலை இப்படிக் குடுங்கம்மா."