பூச்சில் நிற்காத பொட்டு

ஒரு வீட்டுப் பூஜையறையில் ஒரு சந்தனம் குடியிருந்தது. வேண்டாம் என்று அதனிடம் அதுவரை யாரும் சொன்னது கிடையாது.

ஆயுத பூஜை வந்துவிட்டால் அதற்குக் கால் தரையில் பாவாது. கிரைண்டர், தையல் மெஷின், பீரோ, அரிவாள்மனை எல்லாம் நெற்றியைக் காட்டிக்கொண்டு வரிசையில் காத்திருக்கும். கிரைண்டருக்கு நெற்றி எந்தப் பக்கம் என்று கிரைண்டருக்கே தெரியாது. இருந்தாலும் காட்டும். சந்தனம் போய் உட்காரும். அதன் மடியில் குங்குமம் உட்காரும். குங்குமத்துக்குச் சந்தனம் அக்கா முறை. அக்கா உட்காராத இடத்தில் தங்கை உட்கார்ந்ததில்லை.

அந்த வருஷம் வீட்டுக்குப் புதிதாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்திருந்தது. பழுத்த மிளகாய் நிறம். தரையோடு தரையாக இருக்கும். முதல் நாள் அதைப் பார்த்த மரகதம்மாள், "ஏன் சாமி இது படுத்துக் கெடக்குது, காத்து எறங்கிப் போச்சா?" என்று மகனைக் கேட்டார்.

மகன் நவநீதன் பம்பு மோட்டார் செய்யும் கம்பெனி வைத்திருந்தான். ஊருக்கெல்லாம் தண்ணீர் இறைக்க மோட்டார் கொடுத்தவன், தன் காரின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் காய்ந்து வட்டம் போட்டுவிட்டால் அன்றைக்குச் சாப்பிட மாட்டான்.

காரைக் கழுவுவதென்றால் அது ஒரு விரதம். வெயிலில் கழுவக் கூடாது. மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றிவிட வேண்டும். பெல்ட் பக்கிள் உரசிவிடும் என்று பெல்ட்டையும் கழற்றிவிட்டு, ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கழுவுவான். பாடிக்கு நீலத் துணி, கண்ணாடிக்கு மஞ்சள் துணி, சக்கரத்துக்குச் சாம்பல் துணி, உள்ளே சீட்டுக்கு வெள்ளைத் துணி. கீழே விழுந்த துணிக்கு அன்றோடு சரி. மண் ஒட்டியிருந்து காரில் கோடு போட்டுவிடுமாம்.

"ரெண்டு பக்கெட்டுங்க அத்தை," என்றாள் மருமகள் தாரணி. "ஒண்ணு சோப்புக்கு, ஒண்ணு துணிய அலசறதுக்கு. நான் ஒரு நாள் மாத்தி முக்கிட்டேன். மூணு நாள் எங்கூடப் பேச்சில்லை. அந்தத் துணிகளோட நல்லாத்தான் பேசிட்டிருந்தாரு."

இத்தனைக்கும் வண்டி இன்னும் ரோட்டைச் சரியாகப் பார்க்கவில்லை. பெயின்டின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு அடித்திருந்தார்கள். அது நன்றாக இறுகட்டும் என்று ஷெட்டிலேயே நின்றது. ஆயுத பூஜையன்று சாயங்காலம்தான் முதல் ஓட்டம். பைபாஸ் ரோட்டில் இவனைப் போலக் கார் வைத்திருப்பவர்கள் எல்லாம் கூடுகிறார்கள். யார் வண்டி எப்படிப் பாய்கிறது என்று பார்க்கப் போகிறார்கள்.

பாய்கிறது என்ற வார்த்தை காதில் விழுந்ததிலிருந்து மரகதம்மாளுக்குத் தூக்கம் போய்விட்டது.

மத்தியானம் கல்லில் சந்தனத்தை இழைக்கும்போது வாய்க்குள்ளேயே வேண்டிக்கொண்டார். "மாரியாத்தா, எம் பையன் கூடவே போ தாயி. பறக்கற வண்டியாமா அது. பறக்க வேண்டாம், உருண்டு போனாப் போதும். முழுசாத் திரும்பி வரோணும்."

கல்லுக்கும் விரலுக்கும் நடுவில் இருந்த சந்தனத்துக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"குங்குமம், கேட்டியா? இது கிரைண்டருக்கு வைக்கிற மாதிரி இல்ல. இந்தம்மா நம்மள நம்பித்தான் இன்னிக்குக் கேட்டைத் திறக்கப் போவுது."

"நீ போய் உக்காருக்கா. நான் பின்னாலயே வர்றேன்," என்றது குங்குமம்.

நவநீதன் ஒரே ஒரு பொட்டுக்குத்தான் சம்மதித்திருந்தான். மரகதம்மாள் மோதிர விரலில் சந்தனத்தைத் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பானட்டின் நட்டநடுவில் வைத்தார்.

சந்தனம் உட்கார்ந்தது. மறு நிமிஷம் வழுக்கியது. பானட்டின் சரிவில் இறங்கி, பம்பரின் நுனியில் ஒரு கணம் தொங்கி, தரையில் விழுந்தது.

"மன்னிக்கணும் மேடம்," என்று ஒரு குரல் கேட்டது. பூச்சின் குரல். ஷோரூமில் வேலை பார்ப்பவர்களின் குரல் போல வழவழவென்று இருந்தது. "இங்கே எதுவும் ஒட்டாது. தூசி ஒட்டாது, சேறு ஒட்டாது, காக்கா எச்சம்கூட ஒட்டாது. உங்க மேல தனிப்பட்ட வருத்தம் ஒண்ணும் இல்லை."

"நான் எச்சம் இல்லப்பா. பொட்டு," என்றது சந்தனம்.

"எங்களுக்கு எல்லாரும் ஒண்ணுதான் மேடம்."

மரகதம்மாள் இன்னும் கெட்டியாக இழைத்துக்கொண்டு வந்தார். சந்தனம் இந்த முறை நகத்தால் பிறாண்டிப் பார்த்தது. அதற்கு நகம் கிடையாது. மறுபடியும் சறுக்கியது. நவநீதன் நீலத் துணியோடு ஓடி வந்தான்.

"தேய்க்காதீங்கம்மா, தேய்க்காதீங்க. ஒத்தி எடுக்கோணும்."

"பொட்டை ஒத்தி எடுக்கறதாடா? கண்ணாடில வைக்கட்டா?"

"அதுக்கும் பூச்சு இருக்குதும்மா."

"டயர்ல?"

"அதுக்குத் தனிப் பூச்சு."

"நம்பர் பிளேட்டாச்சும் சும்மா இருக்குதா?"

"ஆஃபர்ல அதுக்கும் அடிச்சுக் குடுத்துட்டாங்க," என்றான் நவநீதன், கொஞ்சம் பெருமையாகவே.

தாரணி தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து பானட்டில் ஒட்டினாள். அது சறுக்குமரத்தில் விடப்பட்ட குழந்தை மாதிரி சந்தோஷமாகக் கீழே போனது.

முன் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் ஒன்று உட்கார்ந்திருந்தது. அதன் சாறு பட்டால் சக்கரம் மங்கிவிடும் என்று நவநீதன் அதை பாலிதீன் கவரில் போட்டு முடிச்சுப் போட்டிருந்தான்.

"சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்கப்பா," என்றது எலுமிச்சம்பழம். "நசுங்குறதுக்குன்னு மனசைத் தேத்திக்கிட்டு வந்தவன் நான். கவருக்குள்ள மூச்சு வேற முட்டுது."

மணி ஆகிக்கொண்டிருந்தது. நவநீதன் செல்போனைப் பார்த்தான். "அம்மா, கேட்டைத் தொறங்க. எல்லாரும் வந்துட்டாங்களாம்."

"பொட்டு நிக்காம வண்டி வெளிய போகாது சாமி."

"திரும்பி வந்து வச்சுக்கலாம்மா."

"போயிட்டு வந்ததுக்கு எதுக்குடா பொட்டு? போறதுக்குத்தானே?" கேட் சாவி அவர் இடுப்பில் இருந்தது. குரல் கோபமாக இல்லை. கொஞ்சம் நடுங்கியது. அதுதான் சந்தனத்தைத் தைத்தது.

"தம்பி, கொஞ்சம் இடம் குடேன்," என்று பூச்சிடம் கெஞ்சியது. "மிளகளவு போதும். ஒரு ஓரமா ஒட்டிக்கிறேன்."

"முடிஞ்சா குடுக்க மாட்டேனா மேடம்?" என்றது பூச்சு. அதன் குரலில் முதல்முறையாக வழவழப்பு கொஞ்சம் குறைந்தது. "பிடிச்சுக்க எனக்குத் தெரியாது. வழுக்கி விடத்தான் தெரியும்."

விரலில் மிச்சமிருந்த சந்தனம் காய ஆரம்பித்தது. அப்போது நவநீதன் பம்பர் நுனியில் ஏதோ பிசிறு தெரிகிறதே என்று குனிந்து பார்த்தான். அவன் நெற்றி மரகதம்மாளின் விரலுக்கு நேராக வந்தது. அவர் அதிகம் யோசிக்கவில்லை. வைத்துவிட்டார். அதன் மேல் குங்குமமும் வைத்தார்.

"வூட்டுக்கு வர்ற வரைக்கும் அழிக்காதே கண்ணு," என்று சொல்லிக் கேட்டைத் திறந்தார்.

எலுமிச்சம்பழம் கவருக்குள் 'பொத்' என்று உடைந்தது. "அப்பாடா," என்றது.

நெற்றியில் உட்கார்ந்த சந்தனத்துக்கு நம்பிக்கையே இல்லை. "எந்த நிமிஷமும் துடைச்சிருவான்," என்றது குங்குமத்திடம். "தெருமுனை தாண்டட்டும், பாரு. இவனும் பூச்சு அடிச்ச ஆளுதான். அந்தம்மா சொல்றது எது இவன் மேல ஒட்டியிருக்கு?"

தெருமுனை தாண்டியது. நவநீதன் காலை அழுத்தினான். வண்டி உறுமிக்கொண்டு ஒரு குதி குதித்தது. அந்தக் குலுக்கலில் சந்தனத்தின் ஓரத்தில் ஒரு துணுக்கு உதிர்ந்து, மூக்கில் பட்டு, சீட்டில் விழுந்தது.

சீட்டு, பால்கோவா நிறத்தில் மெத்தென்ற தோல்.

நவநீதன் பிரேக்கை மிதித்தான். வண்டியை ஓரம் கட்டினான். துணுக்கை மூச்சைப் பிடித்துக்கொண்டு விரல் நுனியால் எடுத்தான். கண்ணாடியில் நெற்றியைப் பார்த்தான். அங்கே காய்ந்துபோன சந்தனமும் அதன் மேல் ஒரு குவியல் குங்குமமும் எப்போது வேண்டுமானாலும் விழத் தயாராக இருந்தன.

துடைத்துவிடலாம் என்று துணி தேடினான். நீலம் பாடிக்கு. மஞ்சள் கண்ணாடிக்கு. சாம்பலால் முகத்தைத் துடைக்க முடியாது, சக்கரம் துடைத்தது. வெள்ளையில் குங்குமம் பட்டால் அப்புறம் அது சீட்டைத் தொட லாயக்கில்லை. நெற்றிக்கென்று அவனிடம் துணியே இல்லை.

கட்டியிருந்ததோ பட்டு வேட்டி. போட்டிருந்ததோ வெள்ளைச் சட்டை. கையால் தட்டினால் மொத்தமும் சீட்டில்தான் விழும்.

"பார்த்தியாக்கா," என்றது குங்குமம். "இவனுக்கு நம்மளைக் கண்டாப் பயமா இருக்கு."

அதன் பிறகு வண்டி போன அழகைச் சொல்ல வேண்டும். தலையில் நிறைகுடம் வைத்தவன் மாதிரி நவநீதன் கழுத்தை நிமிர்த்திக்கொண்டான். வேகத்தடை வந்தால், தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுவது போல வண்டியை ஏற்றி இறக்கினான். ஏ.சி. காற்று முகத்தில் பட்டால் சந்தனம் இன்னும் காயும் என்று ஏ.சி.யை நிறுத்தினான். வேர்த்தது. வேர்வை பட்டுச் சந்தனம் கொஞ்சம் இளகி, தன்னைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தது.

பூச்சுக்கு மானம் போயிற்று. "மேடம், ஒரு பால்காரர் சைக்கிள்ல நம்மளைத் தாண்டிப் போறார்," என்றது முன் கண்ணாடியிலிருந்து.

"போகட்டும். அவருக்குப் பால் திரிஞ்சிரும்."

"இப்போ ஒரு எருமை தாண்டிப் போகுது மேடம்."

"அதுக்கும் வீடு இருக்குமில்ல?"

ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். "ஏனுங்ணா, வண்டி மக்கர் பண்ணுதுங்களா? கயிறு இருக்குதுங்க. கட்டி இழுத்துட்டுப் போயிரலாமுங்களா?"

நவநீதனுக்குத் தலையாட்டக்கூட முடியவில்லை. "வேண்டாங்க," என்றான் உதட்டை மட்டும் அசைத்து. "நல்லாத்தான் இருக்குது."

"அப்புறம் ஏனுங் இப்படிப் போறீங்க?"

"பொட்டு வச்சிருக்குதுங்க."

ஆட்டோக்காரர் தன் வண்டியின் முன்னால் இருந்த சந்தனப் பொட்டைப் பார்த்தார். மறுபடியும் நவநீதனைப் பார்த்தார். ஆட்டோவை முறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

பைபாஸை அடைந்தபோது எல்லாரும் பாய்ந்து முடித்து, டீ குடித்து, கலைந்து போயிருந்தார்கள். டீக்கடைக்காரர் கிளாஸ்களை அலசிக்கொண்டிருந்தார். நவநீதன் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தான். பிறகு மெள்ள வண்டியைத் திருப்பினான். இறக்கிவிட்ட ஜன்னல் வழியே கரும்புக் காட்டு வாசம் வந்தது. வண்டி வாங்கிய நாளிலிருந்து அவன் அதற்குள் உட்கார்ந்து வெளியே பார்த்தது அப்போதுதான்.

இருட்டுவதற்குள் வீடு வந்தது. மரகதம்மாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வண்டியைப் பார்க்கவில்லை. மகன் நெற்றியைப் பார்த்தார். சந்தனம் இருந்தது. குங்குமம் இம்மியும் நகரவில்லை.

"ரொம்ப வேகமாப் போனியா சாமி?"

"இல்லீங்கம்மா," என்றான் நவநீதன், வண்டியை விட்டு இறங்கிக்கொண்டே. அதைச் சொல்லும்போது அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மரகதம்மாள் சேலைத் தலைப்பால் அவன் நெற்றியைத் தொடப் போனார். "இருக்கட்டும்மா," என்று சொல்லிவிட்டு, வழக்கமாக ஷெட்டுக்குப் போகிறவன் அம்மாவோடு வீட்டுக்குள் போனான்.

போகிறபோது கேட்டருகே நின்ற வண்டியிலிருந்து பூச்சு கூப்பிட்டது.

"மேடம், ஒண்ணு கேக்கணும். அவரும் நல்லா வழவழன்னு சோப்புப் போட்டுக் குளிச்ச ஆள்தான். என் மேல ஒரு நிமிஷம் உட்கார முடியாத நீங்க, அந்த நெத்தியில மட்டும் எதைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க?"

சந்தனம் திரும்பிப் பார்த்தது.

"உன் மேல ஒரு கோடு விழுந்துரக் கூடாதுன்னு கவலைப்பட்டுக் கவலைப்பட்டே, அவன் நெத்தியில நாலு கோடு விழுந்திருக்கு தம்பி. அதைத்தான்."