கம்பியைக் கடித்த கீரி

மலையடிவாரக் காடு ஒன்றில் ஓர் ஆறு ஓடியது. இந்தக் கரையில் அடர்ந்த மரங்கள். அந்தக் கரையில் புல்வெளி. புள்ளிமான் கூட்டம் காலையில் ஆற்றைக் கடந்து மேயப் போகும். பொழுது சாயும்முன் திரும்பிவிடும்.

ஆறு பார்க்கச் சாதுவாக இருக்கும். ஆனால் மலைமேல் மழை கொட்டினால் போதும். கீழே சுள்ளென்று வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்து இறங்கும். மான்கூட்டத்தின் தலைவி பூங்கோதை அப்படி ஒரு வெள்ளத்தில் தன் தங்கையைப் பறிகொடுத்திருந்தது.

அதைக் கண்ணால் பார்த்த நீர்நாய் வேம்பன் மனம் பொறுக்காமல் ஒரு கணினியைச் செய்தது. மலைமேல் மடுவில் ஒரு மிதவையைப் போட்டது. தண்ணீர் ஏறினால் மிதவையும் ஏறும். உடனே கம்பி வழியாகக் கரையில் உள்ள கணினிக்குச் செய்தி வரும். கணினி சிவப்பு விளக்கைப் போடும். மற்ற நேரமெல்லாம் பச்சை எரியும்.

அந்த மழைக்காலம் முழுவதும் கணினி ஒருமுறைகூடத் தவறவில்லை. மான்கள் மலையைப் பார்ப்பதை விட்டுவிட்டன. விளக்கை மட்டும் பார்த்து ஆற்றில் இறங்கின.

அப்போதுதான் நாச்சி என்ற கீரி அந்தக் கரைக்குக் குடிவந்தது. எதைப் பார்த்தாலும் அதன் அடியில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரிந்தாக வேண்டும். கணினியைச் சுற்றிச் சுற்றி வந்து மோந்து பார்த்தது. பிறகு வேம்பனைத் தேடிப் போனது.

“அண்ணே, ஒரு சந்தேகம். பச்சை எப்போ எரியும்?”

“வெள்ளம் இல்லாதப்போ எரியும்.”

“வெள்ளம் இல்லைன்னு அதுக்கு யார் சொல்றது?”

வேம்பன் மீனைக் கடித்துக்கொண்டே சொன்னது: “யாரும் சொல்ல வேண்டாம். வெள்ளம் வந்தா மிதவை சொல்லும். ஒண்ணும் சொல்லலைன்னா வெள்ளம் இல்லைன்னுதானே அர்த்தம்?”

“கம்பி அறுந்திருந்தாலும் அது ஒண்ணும் சொல்லாதே?”

வேம்பன் மெல்லுவதை நிறுத்தியது.

“இதுவரைக்கும் அறுந்ததில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க ஒரு தப்பு இல்லை, தெரியுமா?”

“தெரியும் அண்ணே. தப்பானா அது என்ன செய்யும்னுதான் கேட்கறேன். அறுத்துப் பார்க்கலாமா?”

“போய் வேற வேலை இருந்தா பாரு,” என்று வேம்பன் தண்ணீருக்குள் மூழ்கிவிட்டது.

ஆனால் அந்தக் கேள்வி அதன் மனசுக்குள் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டது. மறுநாள் மான்கள் எல்லாம் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்த பிறகு, வேம்பன் தானாகவே நாச்சியைக் கூப்பிட்டது. நாச்சி கம்பியைக் கடித்துத் துண்டாக்கியது. வேம்பன் மலையேறிப் போய் மிதவையைக் கையால் தூக்கிப் பிடித்தது. பிறகு மூச்சிரைக்க ஓடி வந்தது.

“சிவப்பு வந்துச்சா?”

“வரலை. பச்சைதான் எரியுது,” என்றது நாச்சி.

பூங்கோதை அந்தப் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றது. “இதை நம்பியா இத்தனை நாள் குட்டிகளை இறக்கினேன்?” என்றது. வேம்பனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அன்றே அது கணினியைப் பிரித்தது. இனிமேல் மிதவை சும்மா இருக்கக் கூடாது. ‘நான் இருக்கிறேன், தண்ணீர் ஏறவில்லை’ என்று ஓயாமல் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். செய்தி நின்றால், காரணம் எதுவானாலும் சிவப்பு. இரண்டு விளக்கும் அணைந்து கிடந்தால் அதையும் சிவப்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது கேள்வி கேட்கும் ஆசை வேம்பனையும் தொற்றிக்கொண்டது. “மிதவை பாசியில சிக்கிட்டா?” என்று அதுவே கேட்டது. சிக்கவைத்துப் பார்த்தன. மேலே ஏற முடியாத மிதவை, ‘தண்ணீர் ஏறவில்லை’ என்று கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தது. வேம்பன் பக்கத்திலேயே இன்னொரு மிதவையைப் போட்டது. நாச்சி இன்னொரு கை பாசியை அள்ளிப் போட்டது. அதுவும் சிக்கியது.

“ஒரே மாதிரி ரெண்டு வச்சா, ரெண்டும் ஒரே மாதிரி ஏமாறும் போல இருக்கே அண்ணே.”

வேம்பன் யோசித்தது. இரண்டாவது மிதவையை எடுத்துவிட்டு, ஆற்றின் இரைச்சலைக் கேட்கும் கருவி ஒன்றை மரக்கிளையில் கட்டியது. தண்ணீரைத் தொடாத கருவிக்குப் பாசியால் என்ன செய்ய முடியும்? இரண்டும் சரி என்று சொன்னால் மட்டுமே பச்சை.

ஆனால் புதுத் தொல்லை ஒன்று வந்தது. குருவிகள் கம்பியில் உட்கார்ந்து ஆடினால்கூடச் செய்தி தடைப்பட்டுச் சிவப்பு எரிந்தது. மான்கள் முணுமுணுத்தன.

“வெள்ளமே இல்லாம சிவப்பு போடுது. குட்டிங்க பசியோட நிக்குதுங்க,” என்று பூங்கோதை கடிந்துகொண்டது.

“கம்பியை இறுக்கிக் கட்டறேன் அக்கா. குறைஞ்சிடும். ஆனா ஒண்ணு, முன்னாடி அதுக்குத் தெரியாதப்பவும் பச்சை போட்டுச்சு. இப்போ தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுது,” என்றது வேம்பன்.

கம்பியை இறுக்கியதும் வீண் சிவப்பு குறைந்தது. ஆனாலும் மான்களுக்கு எரிச்சல் போகவில்லை.

ஒருநாள் காலை. வானத்தில் ஒரு மேகம் இல்லை. ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். விளக்கோ சிவப்பு.

“குருவியாத்தான் இருக்கும்,” என்று இளம் கலைமான் ஒன்று தண்ணீரில் கால் வைத்தது. அதன் பின்னால் நாலைந்து நகர்ந்தன. பூங்கோதைக்கும் குருவிதான் என்றே தோன்றியது. குட்டிகள் பசியில் கத்திக்கொண்டிருந்தன. இருந்தாலும் அது பாய்ந்து குறுக்கே நின்றது.

“மேலே ஏறு. ஏன் சிவப்புன்னு தெரியற வரைக்கும் யாரும் இறங்கக் கூடாது.”

கலைமான் முறைத்துக்கொண்டே கரையேறியது. வேம்பனும் நாச்சியும் காரணம் பார்க்க மலைப்பாதையில் கிளம்பின. கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. தரை அதிர்ந்தது. செந்நிற வெள்ளம் மரங்களைப் புரட்டிக்கொண்டு வந்தது. கலைமான் சற்றுமுன் கால் வைத்த இடத்தின் மேல் ஒரு முழு மருதமரம் உருண்டு போனது.

தண்ணீர் வடிந்ததும் இரண்டும் மடுவுக்குப் போயின. மிதவை இல்லை. கருவி கட்டிய மரமே இல்லை. பிய்ந்த கம்பி பாறையில் தொங்கியது.

நாச்சி அதைக் கையில் எடுத்துப் பார்த்தது. “அண்ணே, வெள்ளம் வருதுன்னு மிதவையும் கருவியும் சொல்லவே இல்லை. சொல்றதுக்குள்ள வெள்ளம் இதுங்களை அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. செய்தி நின்னதாலதான் சிவப்பு எரிஞ்சிருக்கு.”

வேம்பன் அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டது. “அப்போ பழைய கணினியா இருந்திருந்தா பச்சைதான் எரிஞ்சிருக்கும்,” என்றது.

கீழே வந்து நடந்ததைச் சொல்லின. பூங்கோதை வெகுநேரம் குட்டிகளை நக்கிக்கொடுத்துக்கொண்டே இருந்தது. பிறகு கேட்டது: “புதுசு எப்போ செய்யப் போறீங்க? நானும் வரேன். எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கு.”

உயிரை நம்பி ஒப்படைக்கும் ஒரு பொருள் இதுவரை கெட்டதில்லை என்பது போதாது. கெட்டால் அது என்ன செய்யும் என்பதை நாமே கெடுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகே அதை நம்ப வேண்டும்.