எருக்கிலையில் ஒட்டிய மணல்

மணல் முடிந்து மரம் தொடங்குகிற ஒரு காட்டில், எல்லை நெடுகக் கள்ளி வேலி வளர்ந்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் பாலைவனம். இந்தப் பக்கம், வேலியை ஒட்டிய சரளைக் குழியில் மூன்று முட்டைகளை இட்டு வைத்திருந்தாள் வடிவு என்ற ஆள்காட்டிக் குருவி. யார் தலை தெரிந்தாலும் கத்தி ஊரைக் கூட்டுவது அவள் பிறவிக் குணம். அதனால் எல்லைக் காவல் தானாகவே அவள் தலையில் விழுந்தது.

அந்தக் கோடையில் பாலைவனத்து ஊற்றுகள் வற்றிப்போயின. மணல்காட்டு உயிர்கள் கள்ளி இடுக்குகளில் நுழைந்து காட்டுக் குளத்துக்கு வரத் தொடங்கின. குளமே பாதியாகச் சுருங்கிக் கிடந்தது.

"ஒருத்தரையும் உள்ளே விடக்கூடாது. நம்ம குட்டிகளுக்கே தண்ணி காணாது" என்றது காட்டுப்பன்றி. தாகம் என்று வந்தவரைத் துரத்துவது பாவம், வருகிறவர்கள் எல்லாரும் வரட்டும் என்றது மான். பன்றி பக்கம் பாதிக் காடு, மான் பக்கம் பாதிக் காடு. பேசிப் பேசித் தொண்டை வறண்டு, அதற்கும் குளத்துத் தண்ணீரையே குடித்தார்கள்.

கடைசியில் ஒரு சட்டம் போட்டார்கள். உள்ளே வருகிறவர் காலைத் தூக்கிக் காட்ட வேண்டும். காலில் மணல் இருந்தால் வெளியூர். வந்த வழியே போக வேண்டும். யாரையும் முட்டித் தள்ளாமல் வேலை முடிகிறதே என்று மானும் தலையாட்டியது. எல்லாரையும்விட உரக்கச் சரி சொன்னவள் வடிவு.

அன்றோடு அவளுக்குத் தூக்கம் போயிற்று. சருகு அசைந்தால் சந்தேகம், நிழல் நகர்ந்தால் சந்தேகம். வருகிறவர் முகத்தை அவள் பார்ப்பதே இல்லை. குனிந்த தலை நிமிராமல் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் காலையில் ஒரு கீரி வந்தது. அவள் கேட்கும் முன்பே நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டியது. ஒரு பொட்டு மணல் இல்லை. தான் வடக்கு மூலைப் புதரில் இருப்பதாகவும், வடிவு மாதிரி ஒருத்தி காவல் இருப்பதால்தான் நிம்மதியாக நடமாட முடிகிறது என்றும் சொன்னது. வடிவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மத்தியானம் ஒரு முள்ளெலி வந்தாள், பின்னால் இரண்டு குட்டிகளோடு. கால் மட்டுமல்ல, வயிறு வரைக்கும் மணல்.

"அக்கா, குட்டிங்களுக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போயிடறோம்."

அந்தக் குழைவே வடிவுக்குப் பிடிக்கவில்லை. உடம்பெல்லாம் முள்ளை வைத்துக்கொண்டு இவ்வளவு பணிவாகப் பேசுகிறவள் எதையோ மறைக்கிறாள் என்று பட்டது. முட்டைக் குழியை மறைத்து நின்றுகொண்டாள்.

"ஒரு கீரி எங்க வளையைத் தோண்டி நாசம் பண்ணிட்டுது. அது இந்தப் பக்கம்தான் வந்திருக்கு. முட்டையைப் பார்த்துக்க அக்கா" என்றாள் முள்ளெலி.

"இங்கே முட்டை இருக்குன்னு உனக்கு யார் சொன்னது?" என்று சீறினாள் வடிவு. அடுத்த நொடி அவள் போட்ட கூச்சலில் காடே திரும்பிப் பார்த்தது. முள்ளெலி குட்டிகளை ஓட்டிக்கொண்டு வேலிக்கு வெளியே போய், ஓர் எருக்கஞ்செடியின் நிழலில் ஒண்டிக்கொண்டாள்.

மறுநாள் விடிகிற நேரத்தில் களைப்பில் கண்ணயர்ந்த வடிவு விழித்துப் பார்த்தபோது ஒரு முட்டையைக் காணோம்.

வடிவு அழுத அழுகையில் எல்லாரும் கூடிவிட்டார்கள். முள்ளெலிதான் எடுத்தாள், அவளைக் குத்திக் கிழிக்க வேண்டும் என்றது பன்றி. மானும் அவள்தான் என்றே நினைத்தது. "பசியில தின்னிருப்பா, பாவம். மன்னிச்சு விட்டுடலாம்" என்றது.

"உன் குட்டி போயிருந்தா இப்படிச் சொல்வியா?" என்றாள் வடிவு.

வேலியோரம் கிடந்த முள்ளெலியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கீரியும் வந்து துக்கம் விசாரித்தது. பேசும்போது ஒருமுறை உதட்டை நக்கிக்கொண்டது. வடிவு அதன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் ஏறியதும், நொடியில் பறந்து போய்ப் பன்றியைக் கையோடு கூட்டிவந்து முள்ளெலியைத் தீர்த்துவிடுவது என்று வடிவு குளத்துக்குப் போனாள். கரையில் காவலுக்கு நின்ற பன்றி அவளை மறித்தது.

"காலைக் காட்டு."

வடிவு சிரித்தாள். பன்றி சிரிக்கவில்லை. எல்லையிலேயே படுத்து எழுகிறவள் காலில் மணல் இல்லாமல் இருக்குமா?

"நான் வடிவு அண்ணே. காவல்காரி."

"சட்டத்துல பேரைக் கேக்கச் சொல்லலையே வடிவு. காலைத்தான் பார்க்கச் சொல்லியிருக்கு. துடைச்சிட்டு வா."

பறந்து தாண்டியிருக்கலாம். ஆனால் உரக்கச் சரி சொன்னவள் ஆயிற்றே. எரிச்சலோடு வேலியோரத்து எருக்கஞ்செடிக்குப் போய், அகலமான இலையாகப் பார்த்துக் காலைத் தூக்கினாள். அந்த இலையில் ஏற்கெனவே மணல் அப்பியிருந்தது. பக்கத்து இலையிலும் அப்படியே. நகம் கீறிய தடத்தில் பழுப்பு மயிர் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. முள்ளெலி காலைத் துடைக்கவே இல்லையே, அப்படியானால் துடைத்தது யார்? கேட்கும் முன்பே தூக்கிக் காட்டிய அந்த நான்கு கால்கள் நினைவுக்கு வந்தன.

செடியடியில் குட்டிகள் மட்டும் சுருண்டு கிடந்தன. தாயைக் காணோம்.

வடிவு பறந்தாள். முள்ளெலி யாரையும் கேட்காமல் வேலிக்குள் நுழைந்து, முட்டைக் குழியின் வாயிலேயே உட்கார்ந்திருந்தாள். கீரியும் இவளும் கூட்டுக் களவாணிகள் என்று நினைத்து, கொத்திவிட வடிவு தாழ இறங்கினாள். அப்போதுதான் எதிரே நின்ற கீரியைக் கண்டாள். அதன் மூக்கெல்லாம் முள் குத்திய ரத்தம். மீசையில் காய்ந்துபோன மஞ்சள் கரு. பந்தாகச் சுருண்ட முள்ளெலிக்குப் பின்னால் இரண்டு முட்டைகளும் அப்படியே இருந்தன.

வடிவு போட்ட கூச்சலில் கீரி வேலி தாண்டி ஓடி மறைந்தது.

"உன்னை நான் துரத்தினேனே. ஏன் வந்தே?"

"குழிகிட்ட அது போச்சு, உன் சத்தத்தைக் காணோம். எனக்கும் ரெண்டு இருக்கே அக்கா."

வடிவுக்கு வெட்கமாக இருந்தது.

கூச்சல் கேட்டுப் பன்றியும் மானும் ஓடிவந்தன. நடந்ததைக் கேட்ட பன்றி, கீரி மணலிலிருந்து வந்ததுதானே, நான் அப்போதே சொன்னேன் என்றது. முள்ளெலியும் மணலிலிருந்து வந்தவள்தானே, நான் அப்போதே சொன்னேன் என்றது மான். பழைய சண்டை புதிதாகத் தொடங்கியது. அது ஓய்ந்து பன்றி கரைக்குத் திரும்பியதும், வடிவு மானை முட்டைக்குக் காவல் நிறுத்திவிட்டு முள்ளெலியையும் குட்டிகளையும் குளத்துக்கு அழைத்துப்போனாள்.

"அவங்க காலைக் காட்டச் சொல்லு" என்றது பன்றி.

வடிவு முன்னால் போய்த் தன் காலை நீட்டினாள். விரல் இடுக்கெல்லாம் மணல்.

"முதல்ல என்னைத் துரத்து அண்ணே."

பன்றி அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு உறுமிக்கொண்டே வழிவிட்டது. குட்டிகள் தண்ணீரில் வாய் வைத்தன.

நீதி: காலில் ஒட்டிய மணல், ஒருவர் எங்கிருந்து வந்தார் என்று சொல்லும், எதற்கு வந்தார் என்று சொல்லாது.